கல்லோனி வளைகுடாவில் ஒரு வாரம்: லெஸ்வோஸ் தீவில் முதல்முறை பறவை பார்ப்பவருக்கு

முதல் தடவை லெஸ்வோஸ் போனபோது ஆறு நாளில் வாடகைக் காரில் 900 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினேன். பட்டியலில் இருந்த இடம் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்ற வெறி. வீடு திரும்பிக் குறிப்பேட்டைப் புரட்டினால், பார்த்த நல்ல பறவைகளில் முக்கால்வாசி தங்கியிருந்த ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பார்த்தவை. மிச்சமெல்லாம் பெட்ரோலுக்குத் தந்த தண்டம். அடுத்த தடவை ஒரே வளைகுடாவைச் சுற்றியே கிடந்தேன். பார்த்த இனங்கள் கூடின, முதுகுவலி குறைந்தது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பயணத்தை ஒட்டி எழுதியது. பறவை பார்ப்பதில் அதிகம் பழக்கமில்லாதவர், கையில் ஒரு வாரம் மட்டும் இருக்கிறவர், கூட வருகிறவர்களுக்குப் பறவை மேல் பெரிய பிரியம் இல்லை என்ற நிலையில் இருப்பவர், இவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

தீவு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே

லெஸ்வோஸ் கிரேக்க நாட்டின் மூன்றாவது பெரிய தீவு. கிரீட், எவியா இரண்டுக்கும் அடுத்தது. பரப்பு சுமார் 1,630 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்துக்குச் சொந்தமானாலும் ஒட்டிக்கொண்டிருப்பது துருக்கிக் கரையை. குறுகலான இடத்தில் நடுவிலுள்ள கடல் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே கூடு கட்டப் போகும் பறவைகள் பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி வரும் வழியில் இந்தத் தீவு கிடக்கிறது. பல மணி நேரம் இறக்கையடித்து வந்த பறவைக்குத் தண்ணீரும் புதரும் பூச்சியும் இருக்கிற இடம் கண்ணில் பட்டால் இறங்காமல் என்ன செய்யும்?

தீவின் வயிற்றுக்குள் கடல் ஒரு குறுகிய வாய் வழியாகப் புகுந்து பெரிய குளம்போல் விரிந்து கிடக்கிறது. அதுதான் கல்லோனி வளைகுடா. ஆழம் குறைவு. சுற்றிலும் உப்பளம், ஆற்று முகத்துவாரம், சதுப்பு, ஒலிவத் தோப்பு, பைன் காடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் இந்தத் தீவில் சில காலம் தங்கி உயிரினங்களை ஆராய்ந்தார். அவர் எழுத்தில் அடிக்கடி வரும் பிர்ரா நீர்ப்பரப்பு இந்த வளைகுடாதான். எனவே நாம் பைனாகுலரோடு போய் நிற்பது கொஞ்சம் பழைய வரிசை.

எப்போது போவது

ஏப்ரல் 20 முதல் மே 10 வரை. இந்த மூன்று வாரத்தில் எந்த வாரம் கிடைத்தாலும் சரி. ஏப்ரல் தொடக்கத்தில் போனால் பைன் காட்டுப் பறவைகள் நன்றாகக் கிடைக்கும், ஆனால் பஞ்சுருட்டான், மாங்குயில் போன்ற தாமதக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். மே நடுப்பகுதி தாண்டினால் வலசைக் கூட்டம் மெலிந்துவிடும், வெயிலும் ஏறும். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பெரும்பாலும் ஏப்ரலில், சில ஆண்டு மே தொடக்கத்தில் வரும். அந்த வாரம் வெளியூரில் இருக்கும் தீவுக்காரர்கள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது நம் ஊர் பொங்கல் பஸ் கதைதான். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இங்கே புதியவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. விடுமுறைக்கு நல்ல வானிலை பறவைக்கு நல்ல வானிலை அல்ல. வானம் தெளிந்து, பின்னாலிருந்து தெற்குக் காற்று தள்ளினால் இரவில் பறக்கும் சிறு பறவைகள் பெரும்பாலும் தீவுக்கு மேலேயே போய்விடும். வடகாற்றும் மழையும் எதிர்த்து அடித்த இரவுக்கு மறுநாள் காலை பாருங்கள். ஒவ்வொரு அத்தி மரத்திலும் நாலு ஈபிடிப்பான், வேலிக் கம்பியில் வரிசையாகக் கீச்சான்கள், நனைந்த புல்லில் வாலாட்டிகள். ஹோட்டல் ஜன்னலில் மழை அடித்தால் மனைவி முகம் சுருங்கும். நீங்கள் மகிழ்ச்சியை வெளியே காட்டிக்கொள்ள வேண்டாம்.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஏதென்ஸிலிருந்து தீவின் தலைநகரான மித்திலினிக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. நேரம் இருந்தால் கப்பலில் போங்கள். விடியலில் மேல்தளத்தில் நின்றால் அலையை உரசிக்கொண்டு இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் சாய்த்துப் போகும் ஷியர்வாட்டர் பறவைகளைப் பார்க்கலாம். தரையிலிருந்து அவற்றைப் பார்ப்பது கடினம்.

கார் இல்லாமல் இந்தத் தீவில் பறவை பார்ப்பது நடக்காத காரியம் இல்லை, ஆனால் பாதிப் பறவை போய்விடும். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுபோங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியரை வலக்கையால் போட வேண்டும். முதல் இரண்டு நாள் என் இடக்கை கதவுப் பிடியைத்தான் துழாவிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் பயமில்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டிவிடலாம். ஆளில்லாத மண் பாதையில் ஒரு பறவைக்காக நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பும்போதுதான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய்விடுவோம். கூட இருப்பவரிடம் "வலது வலது" என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

இருப்பதிலேயே சின்ன கார் எடுங்கள். கிராமத்துச் சந்துகள் அப்படி. காப்பீட்டுத் தாளில் டயர், வண்டியின் அடிப்பாகம், தண்ணீரில் இறக்கிய சேதம் இவை சேர்த்தியா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. முதல் பயணத்தில் மழைக்கு மறுநாள் ஓர் ஆற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று கண்ணால் அளந்து இறக்கினேன். நடுவில் போய் எஞ்சின் நின்றது. ஒரு விவசாயி டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டு, காசு வாங்க மறுத்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். வாடகைக்காரர்கள் தலையாட்டலோடு நிறுத்தவில்லை. தவறு என்னுடையதுதான். தரைப்பாலத்தில் தண்ணீர் கலங்கலாக ஓடினால் இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

தங்குவதற்கு ஸ்காலா கல்லோனிஸ். வளைகுடாவின் வடகரையில் உள்ள மீனவ ஊர், மித்திலினியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஐரோப்பியப் பறவை நோக்கர்கள் பல ஆண்டுகளாக வசந்தத்தில் வந்து தங்கும் ஊர் என்பதால் அதிகாலையில் கழுத்தில் பைனாகுலரோடு வெளியே போனால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். வடக்கே மொலிவோஸ் கோட்டையும் கடற்கரையும் அழகுதான், படம் எடுக்கப் போகலாம். தங்குவது மட்டும் கல்லோனியில்.

கையில் என்ன வேண்டும்

8x42 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு ஏற ஏறக் கை நடுக்கமும் ஏறும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதரில் துள்ளும் கதிர்க்குருவியை அதில் பிடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். உப்பளத்தில் டெலஸ்கோப் இருந்தால் நல்லது, ஆனால் வாங்காதீர்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு வணக்கம் சொன்னால் தானாகவே "வந்து பாருங்கள்" என்பார்கள். இந்தத் தீவில் அது எழுதாத வழக்கம்.

போனில் மெர்லின் செயலியை இறக்கி, அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஊரிலேயே வைஃபையில் சேமித்துக்கொள்ளுங்கள். படமும் குரலும் இணையம் இல்லாமலே வரும். ஈபேர்ட் தளத்தில் முந்தைய நாட்களில் யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்பதை இரவில் ஒரு தடவை பாருங்கள். ஒரு தடவை மட்டும். மணிக்கொரு தடவை பார்த்தால் என் முதல் பயணம் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், முழு ஐரோப்பியப் பறவைப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த முகங்களே அங்கே ஏராளம். நெடுங்கால் உள்ளான், பூநாரை, கொண்டலாத்தி, பொரி உள்ளான், கொசு உள்ளான், பழுப்பு அரிவாள் மூக்கன், கருடத்தாரா எல்லாம் நம் ஊரில் பார்த்த அதே இனங்கள்தான். தெரியாத பறவைகளுக்கும் குடும்பம் தெரியும். ஸ்குவாக்கோ நாரை நம் மடையானின் பங்காளி, பறக்கும்போது திடீரென வெள்ளையாவது உட்பட. அங்குள்ள பனங்காடைக்கு நம்முடையதைவிட நீலம் தூக்கல். ஒரு பறவையைப் பார்த்ததும் "இது என்ன" என்று கேட்காமல் "இது யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்டுப் பழகுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் நாள் காலை: உப்பளம்

ஏப்ரல் கடைசியில் ஆறரை மணிக்குள் சூரியன் எழுந்துவிடும். அதற்குக் கொஞ்சம் முன்பே ஊரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கல்லோனி உப்பளத்துக்குப் போய்விடுங்கள். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் உடனே பழகிவிடும். அதே பாத்திகள், அதே வரப்புகள், ஓரத்தில் வெள்ளைக் குன்றாகக் குவித்த உப்பு. உள்ளே போக அனுமதி கிடையாது, தேவையும் இல்லை. சாலையோரமாகவே எல்லாம் தெரியும்.

காரை ஓரமாக, அடுத்தவர் போக வழி விட்டு நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். கதவைத் திறக்காதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே அதிகப் பயன் தரும் யோசனை. பறவைக்குக் கார் என்றால் ஒரு மாடு மாதிரி, கண்டுகொள்ளாது. இரண்டு காலில் இறங்கி நிற்கும் உருவத்தைக் கண்டால்தான் எழும்பும். கண்ணாடியை இறக்கி, அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, முழங்கையை ஊன்றிப் பாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிறுத்தினால் நிறம் தெரியும், எதிர்ப்பக்கம் நிறுத்தினால் எல்லாப் பறவையும் காக்கைதான்.

முதலில் காதுக்கு வருவது பூநாரைகள். வாத்துக் கூட்டம் தூரத்தில் வழக்குப் பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்பு. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்துத் தண்ணீரை வடிகட்டும். உப்புக் கூடிய நீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால்வகையும் பாசியும்தான் அவற்றின் சாப்பாடு, இறகின் இளஞ்சிவப்பும் அதிலிருந்து வருவதுதான். அவற்றுக்கு இந்தப் பக்கம் கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகைத் தண்ணீரில் வைத்து, வயலில் அரிவாள் வீசுவதுபோல் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். நெடுங்கால் உள்ளான் ஜோடிகள் வரப்பில் முட்டையிட்டிருக்கும் காலம் அது. யாராவது நெருங்கினால் பாத்தி முழுக்கக் கேட்கும்படி கத்தும். அப்படிக் கத்தினால் நீங்கள் அளவுக்கு மீறிப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சின்ன உள்ளான்கள்தான் எனக்கு அங்கே பெரிய ஆச்சரியம். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் பேதை உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். அழுக்குப் பழுப்பாக, பெயருக்கு ஏற்றபடி அப்பாவியாக இருக்கும். வசந்தத்தில் கூடு கட்டப் போகும் ஆண் பேதை உள்ளான் கழுத்தைச் சுற்றி ஜமுக்காளம் போர்த்தினாற்போல் இறகு வளர்த்து நிற்கும். ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்குச் செம்பட்டை. அலகு வளைந்த கர்லூ உள்ளான் குளிர்காலத்தில் சாம்பல், இங்கே செங்கல் சிவப்பு. ஆளே தெரியவில்லை. பத்து வருடமாக வேலை நாளில் மட்டும் பார்த்த ஒருவரைக் கல்யாண வீட்டில் பட்டுவேட்டியில் பார்த்தது போலிருந்தது.

ஒன்பதரை மணிக்குக் கானல் எழும்பத் தொடங்கும். தூரத்துப் பறவைகள் தண்ணீரில் கரைவதுபோல் நெளியும். அப்போது திரும்பி விடுங்கள். காலை உணவுக்கு ஹோட்டலில் இன்னும் நேரம் இருக்கும், வீட்டாருக்கும் நாள் முழுக்கப் பாக்கி.

அதே இடம், மறுபடியும்

மறுநாளும் உப்பளத்துக்கே போங்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் வலசைக் காலத்தில் நேற்றைய உப்பளம் வேறு, இன்றைய உப்பளம் வேறு. செவ்வாய்க்கிழமை ஒரு ஆலாவும் இல்லாத வாய்க்கால் மேல் புதன்கிழமை வெள்ளை இறக்கையும் கறுப்பு உடம்புமாக இருபது ஆலாக்கள் மிதந்துகொண்டிருந்தன. வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. தினமும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் இன்றைக்குப் புதிதாக வந்தது யார் என்று உங்களுக்கே தெரியத் தொடங்கும். புது இடத்துக்கு ஓடினால் எல்லாமே புதிதாக இருக்கும், எதுவும் புரியாது.

என் சுற்று இப்படி இருந்தது. காலை உப்பளம். திரும்பும் வழியில் சிக்னியாஸ் ஆற்றின் கரை, அங்கே தண்ணீரோரம் கறுப்பு நாரை மீன் பிடிக்கும், கல் மேல் ஆமைகள் வெயில் காயும். மதியம் கடற்கரை அல்லது தூக்கம். மாலை ஐந்துக்கு மேல் மெத்தோகி ஏரி. கல்லோனிக்குப் பக்கத்தில் நாணல் சூழ்ந்த சின்னக் குளம்தான், ஏரி என்பது மரியாதைக்கு. ஓரமாக ஒரு பாதை போகிறது, அதிலிருந்து தண்ணீரைக் குனிந்து பார்க்கலாம்.

அங்கே பார்க்க வேண்டியது சின்னக் காணான்கோழி. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. முதல் நாள் நாற்பது நிமிடம் நின்றேன், நாணல் மட்டும் தெரிந்தது. இரண்டாம் நாள் கொசு மட்டும். மூன்றாம் நாள் ஒரு வயதான தம்பதி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து தெர்மாஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் வித்தியாசம். கால் மணி நேரத்தில் மடிந்து கிடந்த நாணல் ஒன்று லேசாக அசைந்தது. முதலில் பச்சை விரல்கள், உடம்புக்குப் பொருந்தாத நீளம். பின்னால் மைனா அளவுகூட இல்லாத உடல், முகமும் மார்பும் ஈயநீலம், முதுகு பழுப்பு, அலகு பச்சை, அதன் அடியில் குங்குமம் தொட்டாற்போல் ஒரு சிவப்பு. வாலைச் சுண்டிச் சுண்டி, மிதக்கும் இலை மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, எங்களுக்கு ஆறேழு மீட்டர் முன்னால் கடந்து போயிற்று. அந்த அம்மா கப்பைக் கீழே வைக்கவே இல்லை, மூச்சும் விட்டிருக்க மாட்டார்.

எனவே, நாணல் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். பாய் கொண்டுபோங்கள். கொசு மருந்தும்.

அக்லதேரி: ஒரே ஒரு பறவைக்காக

ஒரு காலைப்பொழுதை அக்லதேரி பைன் காட்டுக்கு ஒதுக்குங்கள். வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்கே போனால் வரும், அரிஸ்டாட்டில் காலத்துப் பிர்ரா நகரம் இருந்த பக்கம். க்ரூபர் நட்ஹாட்ச் என்ற சிறு பறவை பெரும்பாலும் துருக்கியில் வாழ்வது. கிரேக்க நாட்டில் அது கூடு கட்டுவது இந்தத் தீவில் மட்டும்தான். நம் மலைக்காடுகளில் மரத்தைத் தலைகீழாக இறங்கும் பசை எடுப்பான் இருக்கிறதே, அதே குடும்பம்.

பட்டுப்போன பைன் மரத்தின் அடிக்கட்டையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உளுத்த மரத்தைத் தோண்டிக் கூடு வைக்கும். மரம் மரமாகத் தேடாதீர்கள், கழுத்துதான் வலிக்கும். காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். பொம்மை ஊதலை அவசரமாக ஊதுவதுபோல் ஒரு குரல் வரும். வாயில் பூச்சியோடு கட்டையில் வந்து ஒட்டும்போது பார்த்தால் நெற்றியில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, மார்பில் துருப்பிடித்த செந்நிறத் திட்டு. மூன்று வினாடி, உள்ளே போய்விடும். மே நடுவுக்குள் குஞ்சுகள் பறந்துவிட்டால் காட்டின் உச்சிக் கிளைகளில் கலைந்துவிடும், பிறகு கண்டுபிடிப்பது பாடு.

கூடு எங்கே என்று அங்கே நிற்கும் கூட்டமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், 20 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கட்டையருகே ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை வாயில் பூச்சியை வைத்துக்கொண்டு பக்கத்து மரத்தில் காத்திருக்கும். படம் எடுக்கிறவர் "இன்னும் ஒன்றே ஒன்று" என்கிறபோது உள்ளே குஞ்சுகள் பசியோடு இருக்கின்றன. இரண்டு தடவை வந்துபோவதைப் பார்த்தால் கிளம்பிவிடுங்கள். அதே காட்டில் முகமூடிக் கீச்சான் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கிரேக்கத்தில் வேறெங்கும் இல்லாத பாரசீக அணிலும்.

மேற்கே ஒரு நாள் மட்டும்

மேற்கு லெஸ்வோஸ் வேறு நாடு மாதிரி. ஒலிவ மரம் போய், எரிமலைப் பாறையும் முள்ளுமாக இருக்கும். கல்லோனியிலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எனவே ஒரு முழு நாளை ஒதுக்கி அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒரு கூம்பு மலையின் உச்சியில் இப்சிலூ மடாலயம் இருக்கிறது. மேலே ஏறும் வளைவுப் பாதையில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சாம்பல் நிற சினேரியஸ் பண்டிங் என்ற பறவை பாறை மேல் நின்று பாடும். ஐரோப்பாவில் அதைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வருவது இங்கேதான். பார்க்க ரொம்பச் சாதாரணம், நம் வீட்டுச் சிட்டுக்குருவி இன்னும் கொஞ்சம் அழகு என்று என் மனைவி சொன்னார். மறுத்துப் பேச முடியவில்லை.

அங்கிருந்து சிக்ரி கடற்கரையும் அதன் வடக்கே பனெரோமெனியும். தீவின் மேற்கு நுனி என்பதால் களைத்து வரும் பறவைகள் அங்குள்ள சிறு தோட்டங்களிலும் அத்தி மரங்களிலும் அடையும். பஞ்சுருட்டான் கூட்டம் வந்தால் முதலில் காதில்தான் விழும், நிமிர்ந்து பாருங்கள். வீட்டாருக்கு அருகிலேயே கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தவை. அவர்களை அங்கே விட்டுவிட்டு நீங்கள் ஆற்றோரம் போய்விடலாம்.

சில கட்டுப்பாடுகள்

துருக்கி எல்லைக்குப் பக்கம் என்பதால் தீவில் ராணுவ முகாம்கள் நிறைய. படம் எடுக்கத் தடை என்ற பலகை இருக்கும் இடத்தில் பைனாகுலரையும் தூக்காதீர்கள். அபூர்வக் கழுகு என்று விளக்கிச் சொல்ல கிரேக்க மொழி வேண்டும்.

மேய்ச்சல் நிலங்களின் கம்பிப் படலைத் திறந்தால் மூடுங்கள், அதே முறுக்கில் கட்டுங்கள். ஆடுகள் வெளியேறினால் இடையர் நாள் முழுக்க அலைய வேண்டும். வேலியிட்ட நிலத்துக்குள் பறவைக்காக நுழையவே வேண்டாம்.

கல்லோனிப் பக்கம் யூகலிப்டஸ் மரங்களில் ஸ்காப்ஸ் ஆந்தைகள் பகலில் அடைந்திருக்கும். பட்டையோடு பட்டையாக ஒட்டி, ஒரு கையகலம் இருக்கும். தூரத்திலிருந்து பாருங்கள், அடியில் போய் நின்று விரல் சொடுக்காதீர்கள். இரவில் ஒற்றைக் குழல் ஊதுவதுபோல் ஒரே இடைவெளியில் கூவும், அது அறைப் பால்கனியிலேயே கேட்கும். போனில் அதன் குரலை ஓடவிட்டு அழைக்கும் வேலை மட்டும் கூடாது. தன் எல்லைக்குள் வேறு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து, எல்லையைக் காக்க அது வேட்டையை விட்டுவிடும். ஒரு வசந்தத்தில் நூறு பேர் வருகிற இடத்தில் நூறு பேரும் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டாரோடு சமாதானம்

காலை ஐந்தரை முதல் ஒன்பதரை வரை உங்கள் நேரம், மீதி அவர்களுடையது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பறவைக்கும் அந்த நேரம்தான் உகந்தது, எனவே இதில் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு ஸ்காலா கல்லோனிஸ் துறைமுகத்தில் உட்காருங்கள். இந்த வளைகுடாவின் மத்தி மீன் நாடறிந்தது. உப்பில் ஊறவைத்து, சமைக்காமல் தோலை உரித்துத் தருவார்கள். நான் முதலில் தயங்கினேன், இரண்டாம் தட்டுக்குத் தயங்கவில்லை. மீன் சாப்பிடாதவர்களுக்கு ஒலிவ எண்ணெயில் ஊறிய ஆட்டுப்பால் சீஸ். ஊசோ என்ற சோம்பு மது இந்தத் தீவின் பெருமை, ஆனால் மாலையில் மெத்தோகிக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இரவில் படுக்கும் முன் அன்றைய பட்டியலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாதவற்றுக்குப் பெயர் போடாதீர்கள். "உள்ளான், கால் மஞ்சள், பறக்கும்போது முதுகில் வெள்ளை" என்று எழுதினால் போதும். நாலாவது நாள் அதே பறவை பக்கத்தில் நிற்கும்போது பெயர் தானாக வரும்.

மே நடுவில்தான் விடுப்பு கிடைத்தது என்றால் வருந்த வேண்டாம். கிராமங்களில் மல்பெரி மரங்கள் பழுத்திருக்கும், அவற்றைத் தவறவிடாதீர்கள். கடைசிக் காலை விமானத்துக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் கார் ஜன்னலை இறக்கினேன். ஒரே கூச்சல், சண்டை, கீழே சிதறிய பழம். இளஞ்சிவப்பு உடல், கறுப்புத் தலை. சோளக்குருவிகள். எல்லா ஆண்டும் வராது, வந்தால் கூட்டமாக வரும். மார்கழி, தை மாதங்களில் நம் ஊர் வயல்களின் மேல் புகைபோல் திரும்பும் அதே இனம், கோடையில் கூடு கட்ட மத்திய ஆசியாவுக்கும் துருக்கிப் பக்கமும் போவது. பின்னிருக்கையிலிருந்து மனைவி, "இதை நம்ம ஊர்லயே பார்த்தோமே" என்றார். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எஞ்சினை அணைத்தேன்.